நீல ஜாடி

அத்தியாயம் பதினான்கு

ஒரு காருக்காக யாராவது பெண்டாட்டியை வீட்டை விட்டு அனுப்புவார்களா என்று போன வாரம் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். காருக்காக அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்பதுதான் சின்னுவின் கட்சி. கண்ணாடிக்காரர் அவளை அனுப்பியது பொய் சொன்னதற்காக. அதாவது, பொய் என்று அவர் முடிவு கட்டியதற்காக.

மறந்தவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்காரர் என்பது சின்னுவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆசை ஆசையாக ஒரு வேகக் கார் வாங்கினார். அது வந்த வேகம் போதாதென்று, இன்னும் கொஞ்சம் சீறும்படி ஆள் வைத்து எஞ்சினை மாற்றி அமைத்தார். அப்படி முறுக்கேற்றிய வண்டி பிரீமியம் பெட்ரோலைத் தவிர வேறெதையும் தாங்காது என்று மெக்கானிக் சொன்னார். அதை டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டினார் கண்ணாடிக்காரர். சின்னுவின் காதிலும் விடாமல் ஓதினார்.

அந்தக் காரை அவள் ஓட்டக் கிடைத்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதுவும் அண்ணனின் பெட்ரோல் பங்க்குக்குப் போய், தானே குழாயை எடுத்து நிரப்பிக்கொண்டு திரும்பி வர மட்டும். மச்சான் பங்க்கில் கலப்படம் இருக்காது என்பது கண்ணாடிக்காரரின் கணக்கு. காசு வாங்கிக்கொண்டாலும் தங்கைக்கு எதற்கு பில் என்பது அண்ணனின் பெருந்தன்மை. ஆகவே பில்லும் கிடையாது.

ஒருநாள் எஞ்சினுக்குள் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. அப்புறம் ஒரு மேட்டில் ஏறும்போது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மெக்கானிக் டேங்கிலிருந்து வடித்த பெட்ரோல் மஞ்சளாக இருந்தது. சாதா என்றால் மஞ்சள், பிரீமியம் என்றால் நீலம். கம்பெனியே சாயம் போட்டுத்தான் அனுப்புகிறது. பிரீமியத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு போய் சாதாவை நிரப்பி மிச்சத்தை முடிந்து வைத்துக்கொண்டாள் என்றார் கண்ணாடிக்காரர். இல்லவே இல்லை என்று சின்னு சத்தியம் செய்தாள். மெக்கானிக்தான் மாற்றிக் காட்டுகிறார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"கார் போனாப் போகட்டும். பொய் சொல்றவளோட ஒரே வீட்ல எப்படி இருக்கறது?" என்று கேட்டு, அவளுடைய பெட்டியை அவரே தூக்கி வந்து டாக்சியில் வைத்தார். பெட்டி தூக்குவதில் மட்டும் அன்றைக்கு அவ்வளவு மரியாதை.

சின்னு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது.

*

காலையில் அண்ணி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் துடைக்கச் சொல்லவில்லை. வந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் தொண்டையில் இறங்குவதில்லை.

"இன்னிக்கு அவர் பங்க்குக்கு வர்றாராம். உங்கண்ணன்தான் போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி வரச் சொல்லியிருக்கார். நீயும் போயிட்டு வந்துடு," என்றாள் அண்ணி.

"நான் எதுக்கு அண்ணி? நான் சொன்னா அவர் நம்பவா போறார்?"

"நம்ப வைக்கப் போகாதே. சமாதானமாப் போ. ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடு. இதோ, இந்த வெங்காயத்த வேணா கையில எடுத்துட்டுப் போ."

சின்னுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து வெகுநாள் ஆகிவிட்டதால் அது பாதியிலேயே நின்றது.

"நான் தப்பே பண்ணலையே அண்ணி. பண்ணாத தப்புக்கு எப்படி அழறது?"

அண்ணி கத்தியை நிறுத்தினாள். "பண்ணாத தப்புக்கு அழுதுதான் பாதிப் பொம்பளைங்க குடும்பம் நடத்துறாங்க. உண்மையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லியே தீரணும்னு யாராவது சட்டம் போட்டிருக்காங்களா?" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். முகத்தை மட்டும் திருப்பவே இல்லை. வெங்காயக் காரம் என்று சின்னு நினைத்துக்கொண்டாள்.

*

பங்க்கின் அலுவலக அறை மூன்று பக்கமும் கண்ணாடி வைத்தது. உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஜன்னல் திட்டில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம். பக்கத்தில் காலியாக ஒன்று.

அந்த ஜாடிகள் அப்பா காலத்து ஏற்பாடு. தினமும் கடை திறந்ததும், முதல் வண்டிக்கு ஊற்றுவதற்கு முன்னால், இரண்டு குழாயிலிருந்தும் புதிதாகப் பிடித்து ஜன்னலில் வைத்துவிடுவார். குழாய் கறுப்பு, டேங்க் இரும்பு. உள்ளே போகிற பெட்ரோலின் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? ஜாடியைப் பார்த்தால்தான் உண்டு. அப்படியும் சந்தேகப்படுகிற ஆளுக்கென்று மூன்றாவது ஜாடி. கேட்டால் கண் முன்னாலேயே பிடித்துக் காட்ட வேண்டும். இந்த வட்டாரத்தில் இப்படி வைத்திருந்த பங்க் இது ஒன்றுதான். அப்பா போன பிறகும் அண்ணன் ஜாடிகளை எடுக்கவில்லை. ஜாடி இருக்கிற தைரியத்தில் யாரும் மூன்றாவதைக் கேட்பதும் இல்லை.

கண்ணாடிக்காரர் டாக்சியில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்து மேசை மேல் வைத்தார். மஞ்சளாக, முக்கால் அளவு. சின்னுவை அவர் பார்க்கவில்லை. இந்த மனுஷருக்கு ஊரார் பார்வையைச் சரிசெய்வதுதான் தொழில்.

"உட்காருங்க மாப்பிள்ளை. டீ சொல்லட்டுமா?"

"நான் நின்னுக்கறேன் மச்சான். இதப் பாருங்க. உங்க தங்கச்சி பிரீமியம் பிரீமியம்னு சொன்னது இதான்."

அண்ணன் கேனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேசையில் இல்லாத தூசியைக் கையால் தள்ளினான்.

"சின்னு பொய் சொல்ற பொண்ணு இல்ல மாப்பிள்ளை," என்றான்.

சின்னுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு வாரமாக யாரும் அவளுக்காகச் சொல்லாத ஒரு வாக்கியம். அண்ணன் என்றால் அண்ணன்தான் என்று நினைத்தாள். பாவம், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

"ஆனா கொஞ்சம் கவனம் பத்தாது. சின்னப் பிள்ளையிலேர்ந்தே அப்படித்தான். ரெண்டு குழாயும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஏதோ யோசனையில மாத்தி எடுத்திருப்பா. வேணும்னு பண்ணிருக்க மாட்டா."

"அண்ணா!"

"நீ இரு சின்னு."

"ஒரு தடவை மாத்தி எடுக்கலாம். வாராவாரமா மாத்தி எடுப்பேன்? இந்த பங்க்லயே வளர்ந்தவ அண்ணா நான்."

"அதான் சொல்றேன். பழகின இடம், பார்க்காமலே எடுத்திருப்பே."

அவள் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அமிலம் எது, தண்ணீர் எது என்று சீட்டைப் பார்க்காமல் ஒரு புட்டியைத் தொடமாட்டாள். அது அண்ணனுக்கும் தெரியும். கண்ணாடிக்காரருக்கும் தெரியும். ஆனால் அண்ணன் சொன்னது கண்ணாடிக்காரருக்குச் சௌகரியமாக இருந்தது. பெண்டாட்டியைத் திருடி என்பதைவிட அசடு என்று வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லதுதானே? அவர் முகம் இளகியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கவனக்குறைவுன்னா அது வேற விஷயம் மச்சான். மனுஷன்னா மறதி வரும். நான் என்ன கல்லா? ஆமா, தப்பு என்னோடதுதான்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் சின்னுவைப் பார்த்து, சொல்லிவிடு என்பது போல் கண்ணைக் காட்டினான்.

"யோசிச்சுச் சொல்லட்டும். நான் மெக்கானிக்குக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்," என்று கண்ணாடிக்காரர் வெளியே போனார்.

*

அண்ணன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சின்னு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கை தானாக ஜாடிகளிடம் போயிற்று. கண்ணாடிப் பாத்திரம் எங்கே இருந்தாலும் நேராக்கி வைக்கிற புத்தி அவளுக்கு, தொழில் புத்தி.

மஞ்சள் ஜாடி பளிச்சென்று கழுத்து வரை நிறைந்திருந்தது. மூடியைத் தொட்டதும் திரும்பியது. காலையில்தான் பிடித்திருக்கிறார்கள்.

நீல ஜாடியின் தோளில் தூசி படிந்திருந்தது. மூடி அசையவே இல்லை, ஒட்டிப்போயிருந்தது. கழுத்தில் பழைய மட்டத்தில் ஒரு கறை வளையம். பெட்ரோல் அதற்கு இரண்டு விரல் கீழே வற்றிக் கிடந்தது. ஒரு நாளில் இரண்டு நாளில் இப்படி வற்றாது. மாதக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை.

"அண்ணா, இந்த நீலத்த இன்னிக்குப் புதுசாப் பிடிக்கலையா?"

"மறந்திருப்பேன்."

"மஞ்சள மட்டும் மறக்கலையே?"

அண்ணன் எழுந்து போய் கதவைச் சாத்தினான். கதவைச் சாத்தியதுதான் பதில்.

"பிரீமியம் டேங்க்ல என்ன இருக்கு அண்ணா?"

"மெதுவாப் பேசு."

"சாதாவா?"

"கத்தாதேன்னு சொல்றேன்ல!" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரோட்டு முனையில பெரிய பங்க் வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் பிரீமியத்துக்கு ஆள் ரொம்பக் கம்மி. கம்பெனிக்காரன் முழு லோடா எடுத்தாத்தான் குடுப்பான். எடுத்தா விக்காது. விக்காத சரக்கு கெட்டுப் போகும். இருந்தது தீர்ந்ததும் அந்த டேங்க்லயும் சாதாவையே இறக்கிட்டேன். எவனுக்கும் வித்தியாசம் தெரியல சின்னு. பாதிப் பேர் ஜம்பத்துக்குத்தான் பிரீமியம் கேக்கறான். சாதா வண்டிக்கு எதைப் போட்டாலும் ஒண்ணுதான், அது உனக்கும் தெரியும்."

"என் வண்டி சாதா வண்டியா?"

அண்ணன் கண்ணாடி வழியே வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"தெரிஞ்சேதானே இருந்தே? வாராவாரம் நான் வந்து நின்னு, அந்தக் குழாயை எடுத்து ஊத்தறத இந்தக் கண்ணாடி வழியாப் பார்த்துட்டுத்தானே இருந்தே? கை வேற ஆட்டுவியே!"

"நான் சொன்னேன்ல? வேற எங்கயாவது போட்டுக்கோன்னு ஒருதரம் சொன்னேன்ல?"

சொன்னான்தான். சின்னுவுக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் பங்க் இருக்கும்போது நான் ஏன் அடுத்தவன் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அவள்தான் சண்டை பிடித்தாள். அவ்வளவு பாசம். அதற்கப்புறம் அவன் சொல்லவே இல்லை. இரண்டாவது தரம் சொன்னால் காரணம் கேட்பாளே!

"அவர் என்னைத் திருடின்னு சொல்லி அனுப்பினார். ஒரு வாரமா உன் வீட்ல பாத்திரம் துடைக்கறேன். அப்பக்கூட உனக்கு வாய் வரல."

"வந்தா என்ன ஆகும்? லைசென்ஸ் போகும். கடை போகும். பிள்ளைங்க படிப்பு போகும். அப்பா பேரு சந்தி சிரிக்கும்." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கை ஈரமாக இருந்தது. "ஒரே ஒரு வார்த்தை சின்னு. மாத்தி எடுத்துட்டேன்னு சொல்லிடு. உனக்கு உன் வீடு, எனக்கு என் கடை. யாருக்கும் நஷ்டமில்ல."

"எனக்கு?"

"உனக்கு என்ன நஷ்டம்? நாலு நாள்ல அவரே மறந்துடுவார்."

அவர் மறக்கமாட்டார். எல்லாக் கல்யாணத்திலும், எல்லா விருந்திலும், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். சின்னுவுக்கு அது தெரியும். ஆனாலும் இது அண்ணன். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன், அவள் கல்யாணத்தில் அவளைவிட அதிகமாக அழுதவன். அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அதைவிட அதிகமாகப் பரிதாபமும் வந்தது. இந்தப் பாழாய்ப்போன பரிதாபம்தான் எப்போதும் காரியத்தைக் கெடுக்கிறது.

"சரி, சொல்றேன்," என்றாள்.

*

வெளியே வந்தபோது ஒரு கறுப்பு வண்டி உள்ளே நுழைந்தது. தரையோடு தரையாகத் தாழ்ந்து, உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலை நரைத்தவர். முகத்தில் மட்டும் பொம்மை கிடைத்த குழந்தையின் சந்தோஷம். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி மடியில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, புது வண்டி. இதுக்குச் சாதாவே போதும்னு ஒருத்தன் சொல்றான், பிரீமியம்தான்னு இன்னொருத்தன் சொல்றான். நீ என்ன சொல்றே?" என்று சின்னுவைக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரர் வந்துவிட்டார். கார் என்றால் அவரைக் கயிறு போட்டுக் கட்டினாலும் நிற்கமாட்டார்.

"பிரீமியம் சார், பிரீமியம்! யோசிக்கவே யோசிக்காதீங்க. என் வண்டியும் இந்த மாதிரிதான். இதோ, நம்ம வீட்டம்மா, சொல்லச் சொல்லச் சாதாவை ஊத்தி எஞ்சினையே ஊத்தி மூடிட்டாங்க!"

இருவரும் சிரித்தார்கள். சின்னு இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குள் அது விருந்தில் சொல்கிற கதையாகிவிட்டது.

"அப்ப நம்மாளுக்கும் சொல்லி வைக்கணும்," என்று நரைத்தவர் பக்கத்து இருக்கையைக் காட்டினார். "இனிமே இவதான் வாராவாரம் வந்து போடப்போறா. கேட்டியா? பிரீமியம்! மாத்திப் போட்டே, தொலைச்சுடுவேன்."

அந்த அம்மாள் தலையாட்டினார். சொன்னதைச் செய்துவிட்டால் ஒன்றும் வராது என்று நம்புகிற தலையாட்டல். சின்னுவும் அப்படித்தான் ஆட்டியிருந்தாள்.

அண்ணன் வந்து பிரீமியம் குழாயை எடுத்தான். சின்னுவை ஒருமுறை பார்த்தான், நன்றியோடு. அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் விறுவிறுவென்று உள்ளே போய், காலியாக இருந்த மூன்றாவது ஜாடியை மூடியோடு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, வண்டிக்கு ஊத்தறதுக்கு முன்னால இதுல கொஞ்சம் பிடி."

"என்ன சின்னு இது? கஸ்டமர் நிக்கறார்."

"கஸ்டமருக்காகத்தான். அப்பா வெச்ச வழக்கம்தானே?"

"அட, இது நல்லா இருக்கே! பிடிங்க, பார்ப்போம்," என்றார் நரைத்தவர்.

அண்ணன் அசையவில்லை. குழாய் அவன் கையில் தொங்கியது. அவன் உதடு மட்டும் 'வேண்டாம்' என்றது. சின்னு ஜாடியைக் குழாயின் வாயில் பொருத்தினாள். மற்றக் கையை அவன் விரல்கள் மேல் வைத்து அழுத்தினாள். அவன் அவளைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை.

ஜாடி மஞ்சளாக நிறைந்தது.

கண்ணாடிக்காரர் ஜாடியைப் பார்த்தார். குழாயின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார். மறுபடி ஜாடியைப் பார்த்தார். நரைத்தவர் டேங்க் மூடியைத் திருகி மூடிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். போகும்போது அந்த அம்மாள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"மச்சான்!" என்றார் கண்ணாடிக்காரர். குரல் கீச்சிட்டது. "நீங்களா? அப்ப என் எஞ்சின்? புது எஞ்சினுக்கு யார் குடுப்பா? நான் விடமாட்டேன். இப்பவே மெக்கானிக்கை வரச் சொல்றேன், கம்பெனிக்கும் சொல்றேன். ஏய், அந்த ஜாடியக் கீழ வெச்சுடாதே! அதான் சாட்சி. கொட்டிடப்போறே, இப்படிக் குடு!"

அவர் கை நீண்டது. எஞ்சின், மெக்கானிக், கம்பெனி, ஜாடி எல்லாம் அவர் நாக்கில் வந்துவிட்டன. அவளைத் திருடி என்றது மட்டும் வரவில்லை. சின்னு காத்திருந்தாள்.

"என்கிட்டக் குடும்மா," என்றான் அண்ணன். அவன் கையும் நீண்டது. "உன் கால்ல வேணா விழறேன்."

சின்னு மூடியை ஜாடியின் வாயில் வைத்துத் திருகினாள். இரண்டு கைகளாலும் அதை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருல யார் முதல்ல ஒரு வார்த்தை சொல்றீங்களோ, அவங்ககிட்டத் தரேன்," என்றாள்.

"என்ன வார்த்தை?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான், சொல்லவில்லை. பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர், பிரீமியம் குழாயைக் காட்டி ஹாரன் அடித்தார்.